நாலு பென்னிக்கு ஒரு பெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் லண்டனில் நடத்திய விடுதியின் படம் ஒன்றைப் பார்த்தேன். சவப்பெட்டி போன்ற மரப்பெட்டிகளில் வரிசையாக ஆட்கள் படுத்திருக்கிறார்கள். இரவுக்கு நாலு பென்னியாம். வீடற்றவனிடம் காசு வாங்குவது என்ன தர்மம்? நம் சத்திரங்களில் காசு கேட்டார்களா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

சத்திரங்களுக்கு மானிய நிலம் இருந்தது. சேனையை நிறுவிய வில்லியம் பூத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1890இல் அவர் தன் திட்டத்துக்காகப் பொதுமக்களிடம் ஒரு லட்சம் பவுண்டு முதலும் ஆண்டுக்கு 30,000 பவுண்டும் கேட்டார். விடுதியின் அன்றாடச் செலவுக்குப் பென்னிகளும் வேண்டியிருந்தன.

இலவச இடமும் லண்டனில் இருந்தது, அரசின் ஏழையர் விடுதியில். அங்கேதான் சிக்கல். 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, திங்கள் மாலை உள்ளே போனவனைப் புதன் காலை ஒன்பது மணிக்குத்தான் விடுவார்கள். நடுவே ஒரு முழுநாள் கல் உடைக்க வேண்டும். இல்லையென்றால் தாரேறிய பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்து நாராக்க வேண்டும். அதில் நாலு பவுண்டு எடை என்பது ஒரு நாள் வேலை, நகம் பிய்ந்துவிடும். கப்பல்துறையில் கூலிக்கு ஆள் எடுப்பதோ விடிகாலையில். ஒன்பது மணிக்கு வெளியே வந்தவன் அன்றைக்கும் வேலையில்லாமல் அதே வாசலுக்குத் திரும்புவான்.

சேனையின் முதல் விடுதி 1888இல் லைம்ஹவுஸில், கப்பல்துறையை ஒட்டித் திறந்தது. காலையில் எழுந்து நேராகத் துறைக்குப் போகலாம். 1889 வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கே மணிக்கு ஆறு பென்னி கூலி; ஆக, நாலு பென்னி என்பது ஒரு மணி நேரக் கூலிக்கும் குறைவு. அதற்கு இரவும் காலையும் ரொட்டி, காப்பியோ கோக்கோவோ, கை கால் கழுவ இடம், படுக்கை. எட்டு மணிக்கு ஜெபக்கூட்டமும் உண்டு!

பெட்டியில் கம்பளி கிடையாது. எண்ணெய்த்துணி உறை போட்ட மெத்தை, மேலே போர்த்திக்கொள்ளத் தோல் விரிப்பு. கம்பளியில் பேன் தங்கும், தினமும் வெளுக்க முடியாது. இதைத் துடைத்துவிட்டால் அடுத்தவனுக்குத் தயார். ஆனால் தோல் வியர்வையை உறிஞ்சாது. சுகமான தூக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. காசு வாங்கினால் சேனையின் விடுதி, நெரிசலையும் சுத்தத்தையும் கண்காணிக்கும் பொதுத் தங்கும் விடுதிச் சட்டத்துக்குள் வருமா? லாபநோக்கு இல்லாததால் வராது என்று 1890இல் தீர்ப்பு. 1900இல் வேறொரு வழக்கில், தர்மமானாலும் வரும் என்றார்கள். எனக்கு இரண்டாவதே சரி. நெருக்கியடித்துப் படுத்தால் பெரியம்மை லாபநஷ்டம் பார்க்காது.

குறை சொல்ல வேண்டுமென்றால் பென்னியை விட்டுவிட்டு லண்டன் ஹான்பரி தெருவில் சேனை நடத்திய தச்சுக்கூடத்தைப் பாருங்கள். கையில் காசில்லாதவர்களுக்கு அங்கே வேலை. பெரும்பாலும் சோறும் படுக்கையுமே கூலி. அதனால் அங்கே செய்த கதவையும் ஜன்னலையும் வெளியே தச்சர் கேட்கும் விலைக்குக் கீழே கொடுக்க முடிந்தது. சங்கக் கூலி வாங்கும் தச்சனுக்கு அந்த வேலை கிடைக்காது. 1907 முதல் தச்சர் சங்கங்கள் இதை எதிர்த்துக் கிளம்பின. அவர்கள் கோபம் நியாயமானது.