ஃபீஸ் கட்டிச் சேர்த்துவிடாதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் கோவையிலிருந்து இங்கிலாந்து வந்து நாலு மாதம். ஐந்து வயதுப் பையன். ஆட்டிசம் என்று ஊரிலேயே சொல்லிவிட்டார்கள். இங்கே சேர்த்த பள்ளிக்கூடத்தில் தினமும் பன்னிரண்டு மணிக்கே வந்து கூட்டிப்போகச் சொல்கிறார்கள். பக்கத்துத் தனியார் சிறப்புப் பள்ளி வருடத்துக்கு 68,000 பவுண்டு கேட்கிறது. ஊரில் இருக்கும் மனையை விற்றுக் கட்டலாமா, உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிடம் கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா, நல்ல பள்ளியை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனையை விற்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்கள் திருச்சியிலிருந்து 2011-ல் வந்தோம். மகன் இங்கேதான் பிறந்தான். இப்போது 13 வயது, ஏழு வயதிலிருந்து சிறப்புப் பள்ளியில் படிக்கிறான். இன்றுவரை ஃபீஸ் என்று ஒரு பவுண்டுகூட நாங்கள் கட்டியதில்லை. சட்டப்படி கவுன்சில் கட்டுகிறது.

விசா பயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விசாவில் அரசு நிதியுதவி பெறக்கூடாது என்று போட்டிருக்கும். குழந்தைக்கான டி.எல்.ஏ. என்ற ஊனமுற்றோர் உதவித்தொகை, பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். யாராவது பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று அதற்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். பள்ளிப் படிப்பு அந்தக் கணக்கில் வராது. சிறப்புப் பள்ளியும், அதற்கு வழிவகுக்கும் இ.எச்.சி.பி. என்ற கவுன்சில் திட்டமும் படிப்பைச் சேர்ந்தவை, தைரியமாகக் கேளுங்கள். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவமும் அப்படித்தான். விசாவோடு மருத்துவக் கட்டணமாகப் பெரியவருக்கு வருடம் 1,035, குழந்தைக்கு 776 பவுண்டு கட்டித்தானே வந்திருக்கிறீர்கள்? ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் சொல்லிப் பேச்சுப் பயிற்சிக்கு இப்போதே பெயரைப் பதியுங்கள், வரிசை நீளம்.

இ.எச்.சி.பி. என்பது உங்கள் பையனுக்கு என்ன தேவை, அதற்கு என்ன செய்யவேண்டும், எந்தப் பள்ளியில் செய்யவேண்டும் என்று கவுன்சில் எழுதித் தரும் திட்டம். 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின்படி, திட்டத்தில் எழுதிய படிப்பு உதவியைக் கவுன்சில் செய்தே ஆகவேண்டும். அதற்கான மதிப்பீட்டைப் பெற்றோரே கேட்கலாம். பள்ளிக்கூடம் கேட்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ‘நாங்கள் முதலில் 6,000 பவுண்டு செலவு செய்து பார்க்கவேண்டும்’, ‘இரண்டு டெர்ம் போகட்டும்’ என்று பள்ளியில் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் சென்கோ ஆசிரியர் சொல்லலாம். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. ஆறு வாரத்துக்குள் கவுன்சில் பதில் சொல்லவேண்டும், மொத்தம் 20 வாரத்துக்குள் திட்டம் கைக்கு வரவேண்டும். பல இடங்களில் அது தள்ளிப்போகிறது என்பதும் உண்மை. அதனால்தான் கோரிக்கையை இந்த வாரமே அனுப்புங்கள் என்கிறேன். கோவை டாக்டர் கொடுத்த அறிக்கைகள், தெரபி நோட்டு எல்லாவற்றையும் இணைத்து அனுப்புங்கள். அவையும் ஆதாரம்தான்.

அந்தப் பன்னிரண்டு மணி விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அவனுக்கும் முழுநாள் படிப்புக்கு உரிமை இருக்கிறது. ஆளில்லை, சமாளிக்க முடியவில்லை என்று பதிவேட்டில் காட்டாமல் வீட்டுக்கு அனுப்புவது சட்டத்துக்குப் புறம்பு, பெற்றோர் சரி என்று சொல்லியிருந்தாலும்கூட. வாய்ச்சண்டை வேண்டாம். ‘இன்று 12 மணிக்கு அழைத்துப்போகச் சொன்னீர்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள்’ என்று ஒவ்வொரு நாளும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாதாரணப் பள்ளியால் முடியவில்லை என்பதற்கு நாளைக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

இப்போது ஃபீஸுக்கு வருகிறேன். அரசு சிறப்புப் பள்ளியில் ஃபீஸே கிடையாது, ஆனால் இ.எச்.சி.பி. இல்லாமல் பெரும்பாலும் இடம் தரமாட்டார்கள். தனியார் சிறப்புப் பள்ளிகளுக்குக் கவுன்சில்கள் கட்டுவது சராசரியாகவே ஒரு பிள்ளைக்கு வருடம் 60,000 பவுண்டைச் சுற்றி வருகிறது. உங்களிடம் சொன்ன தொகை இங்கே வழக்கமான விலைதான். 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி வேறு. நீங்களே கட்டினால் அந்தச் சுமையும் உங்கள் தலையில். திட்டத்தில் பள்ளியின் பெயர் இருந்தால் கவுன்சில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

மனையை விற்கவேண்டாம் என்று சொன்னதற்கு இன்னும் பெரிய காரணம் உண்டு. நீங்களே பணம் கட்டிச் சேர்த்துவிட்டால், ‘பெற்றோர் தாங்களே பொருத்தமான ஏற்பாடு செய்துகொண்டார்கள்’ என்று கவுன்சில் கையைக் கழுவச் சட்டத்தில் இடமிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முதல் வருடம் மட்டும் கட்டுவோம், அப்புறம் கவுன்சில் ஏற்றுக்கொள்ளும் என்று கடன் வாங்கிச் சேர்த்தது. இரண்டாம் வருடம் பையனை அங்கிருந்து எடுக்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் அந்தத் தாய் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார்.

செலவு செய்தே ஆகவேண்டுமென்றால் பள்ளிக்குச் செய்யாமல் அறிக்கைக்குச் செய்யுங்கள். கல்வி உளவியலாளர் ஒருவரைத் தனியாக வைத்து அறிக்கை வாங்க ஆயிரம் பவுண்டு, அதற்கு மேலும் ஆகும். கவுன்சில் அனுப்பும் ஆள் எழுதியது நன்றாக இருந்தால் அதுவும் தேவையில்லை. அறிக்கை ஏன் என்றால், எல்லாமே இ.எச்.சி.பி. காகிதத்தின் வார்த்தைகளில் இருக்கிறது. பி பிரிவில் தேவை, எஃப் பிரிவில் உதவி, ஐ பிரிவில் பள்ளியின் பெயர். எங்களுக்கு வந்த முதல் வரைவில் ‘பேச்சுப் பயிற்சிக்கான வாய்ப்பு அளிக்கப்படும்’ என்று இருந்தது. படிக்க அழகாக இருந்ததால் நானும் சந்தோஷப்பட்டேன். இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச ஆலோசனையில் பேசியபிறகுதான் புரிந்தது, வாய்ப்பு என்றால் ஒன்றும் தராமலும் விடலாம். யார், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று எண்ணாக இருக்கவேண்டும். வரைவு வந்தால் பதில் சொல்லக் குறைந்தது 15 நாள் உண்டு. இரண்டு இரவு உட்கார்ந்து, ‘தேவைப்படும்போது’, ‘இயன்றவரை’ என்று வந்த இடத்தையெல்லாம் அடித்துத் திருத்தி அனுப்பினோம். ‘வாரம் ஒரு முறை, 45 நிமிடம், பேச்சுப் பயிற்சியாளர் நேரடியாக’ என்று மாறி வந்தது. எஃப் பிரிவு இப்படிக் கெட்டியானால், சாதாரணப் பள்ளியால் அதைச் செய்ய முடியாது என்று தானாகத் தெரியும். ஐ பிரிவில் நீங்கள் கேட்கும் பள்ளியின் பெயர் வருவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தனியார் பள்ளி என்றால், அது அந்த 2014 சட்டத்தின் 41-வது பிரிவுப்படி அரசு அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு இணையதளத்தில் இருக்கும். அதில் இருந்தால் உங்கள் கோரிக்கைக்குக் கூடுதல் பலம். ‘நீங்கள் விரும்பிய பள்ளி, அதனால் வண்டிச் செலவு உங்களுடையது’ என்று திட்டத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்க்கிறார்களா என்றும் பாருங்கள்.

பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் ஆறு பள்ளி பார்த்தேன். ஒன்றில் வண்ண விளக்கும் நீர்க்குமிழிக் குழாயுமாக ஒரு சென்சரி அறை இருந்தது. நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், யாரும் அதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. இன்னொன்று பழைய கட்டடம். நடைவழியில் ஒரு பையன் தரையில் குப்புறப் படுத்துக் கத்திக்கொண்டிருந்தான். ஓர் ஆசிரியை அவனுக்கு ஒரு கை தூரத்தில் தானும் தரையில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை, தொடவில்லை. ஒரு பட அட்டையை மட்டும் அவன் கண்ணில் படும்படி வைத்திருந்தார். நாங்கள் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அவன் எழுந்து, அந்த அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்துபோனான். அன்றே முடிவு செய்தேன். நீங்களும் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள், சத்தம் அதிகமான நேரம் அது. பிள்ளை நிதானம் இழந்தால் என்ன செய்வீர்கள், பிடித்து நிறுத்துவீர்களா, ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் வாரம், என் மகனுடைய தண்ணீர் அட்டையில் படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ‘தண்ணி’ என்று எழுதியிருந்தார்கள். அவன் வீட்டில் அப்படித்தான் கேட்பான் என்று நான் படிவத்தில் எழுதியிருந்தேன். தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மனதாரப் பேசும் மொழியில் பேசுங்கள்.

கவுன்சில் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. முடிவுக் கடிதம் வந்த இரண்டு மாதத்துக்குள், அல்லது கவுன்சிலோடு சமரசம் பேசுவது தொடர்பான சான்றிதழ் வந்த ஒரு மாதத்துக்குள், எது பிந்தியதோ அதற்குள் போடவேண்டும். விசாரணைக்குப் பல மாதம் காத்திருக்க நேரும். ஆனால் தீர்ப்பு வரை போகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெற்றோருக்கு ஏதோ ஒரு வகையில் சாதகமாக முடிகின்றன. முதல் மறுப்புக் கடிதத்தைப் பார்த்து ஒடிந்துவிடாதீர்கள், எங்களுக்கும் வந்தது.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு வேலை மாற்றினால் விதிமுறை வேறு. மதிப்பீடு கேட்கும் கடிதத்தின் மாதிரி இப்சியா தளத்தில் இருக்கிறது. வரைவு வந்ததும் எஃப் பிரிவை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.