சரிவில் ஏறும் தீயும் சாம்பலுக்கு அடியில் உள்ள மண்ணும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காட்டுத்தீ மலைச்சரிவில் ஏறும்போது மட்டும் ஏன் அவ்வளவு வேகம் கொள்கிறது? அந்த வேகத்தை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

பதில்: சமதரையில் தீக்கொழுந்து நேராக மேலே எழுவதால், முன்னால் கிடக்கும் சருகுக்கு அதன் சூடு ஓரளவே போய்ச் சேர்கிறது. சரிவில் மேல்நோக்கி ஏறும் தீக்கோ, எரிய வேண்டிய புல்லும் சருகும் கொழுந்தின் அருகிலேயே உயர்ந்து நிற்கின்றன. சூடான காற்றும் தரையை ஒட்டியே ஏறுவதால், தீ வந்து சேருமுன்பே அவற்றின் ஈரம் வற்றிவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது களத்தில் வழங்கும் தோராயக் கணக்கு. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து மான் கல்ச் பள்ளத்தாக்கில், செங்குத்தான புல்சரிவில் ஏறித் தப்ப முயன்ற தீயணைப்பு வீரர்களைத் தீ எட்டிப் பிடித்தது. 13 பேர் உயிரிழந்தனர்.

அதே மாநிலத்தின் மிசூலா நகரில் 1960இல் காட்டுத்தீ ஆய்வுக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ராதர்மெல் 1972இல் வெளியிட்ட சமன்பாடு, எரிபொருளின் அளவு, பருமன், ஈரம், காற்று, சரிவு ஆகியவற்றைக் கொண்டு, தரையை ஒட்டிப் பரவும் தீயின் வேகத்தைக் கணிக்கிறது. இன்றும் அதுவே பல கணினி மாதிரிகளுக்கு அடிப்படை. ஆனால் அது சோதனை அளவீடுகளைப் பொருத்தி அமைத்த கணக்கு. தீ ஏன் பரவுகிறது என்பதற்கான முழு விளக்கம் அன்று.

அந்த விளக்கத்தில்தான் எனக்கு மிகவும் சுவையான பகுதி இருக்கிறது. கொழுந்தின் கதிர்வீச்சே முன்னால் உள்ள சருகைப் பற்றவைக்கிறது என்று நெடுங்காலம் பலரும் கருதிவந்தனர். 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, லேசரால் சீப்புப் பற்களைப்போல் வெட்டிய அட்டைகளை எரித்துப் பார்த்து, மெல்லிய எரிபொருளைச் சுற்றியுள்ள காற்று தொடர்ந்து குளிர்விப்பதால் கதிர்வீச்சு மட்டும் போதாது என்றும், கொழுந்து அலை அலையாகக் கீழிறங்கி முன்னோக்கிப் பாய்ந்து நேரடியாகத் தீண்டும்போதே அது பற்றுகிறது என்றும் காட்டியது.

கேள்வி: தீக்குப் பின் பெய்யும் மழை மண்ணில் இறங்காமல் வழிந்தோடுவது ஏன்? சாம்பல் மண்ணுக்கு உரம்தானே?

பதில்: உரம் என்பது பாதி உண்மை. சாம்பலில் கால்சியமும் பொட்டாசியமும் எஞ்சுகின்றன. நைட்ரஜனோ சுமார் 200 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. இலைமக்கில் உள்ள மெழுகுப் பொருள்களும் ஆவியாகி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்த மண்துகள்களின்மேல் படிந்து நீரை விலக்கும் படலமாகின்றன. 175 முதல் 200 டிகிரி வரை இப்படலம் வலுக்கிறது. சுமார் 280 டிகிரியைத் தாண்டினால் அதுவே அழிகிறது. எனவே கொழுந்தின் உயரத்தை வைத்து மண்ணின் சேதத்தை மதிப்பிடுவது தவறு. புல்வெளியில் ஆளுயரக் கொழுந்துடன் ஓடிக் கடக்கும் தீ, மண்ணை அதிகம் தொடுவதில்லை. விழுந்து கிடக்கும் பெருமரம் கொழுந்தே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றால், அதன் அடிமண் செந்நிறமாகவே மாறிவிடலாம். இதனால்தான் ஆய்வாளர்கள் சாம்பலை விலக்கி, மண்ணின்மேல் ஒரு துளி நீரை விட்டு, அது உள்ளே இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.