வயல் அழிந்தால் நேர்த்தி என்னாகும்?

ஐயா,
கிளிநொச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் காலபோகம் (மாரிகால நெற்செய்கை) செய்தேன். கதிர் முற்றிய நேரத்தில் வெள்ளம் நின்று, நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. விளைச்சலில் ஒரு மூடை மன்னார் மடுக் கோயில் மாதாவுக்கு என்று நேர்ந்திருந்தேன். விசுவாசம் போதாது, அதுதான் இப்படி என்கிறார் செபக்கூட்டத்துக்கு வந்த ஒருவர். பயிர்க் காப்புறுதி கட்டுவதும் அவிசுவாசமாம். இரவில் செபமாலையைத் தொட்டால் கோபம்தான் வருகிறது. என்ன செய்ய?
— ஒரு வாசகர்

அன்பு நண்பருக்கு,

அந்த ஆளுக்கு லூக்கா 13ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். கோயில் பக்கமே போகாதவனின் வயலிலும் அதே தண்ணீர்தானே நின்றது?

கோபம் வந்தால் அதையே செபமாக்குங்கள். திருப்பாடல் 13 ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எத்தனை நாள்’ என்று நாலு தரம் கேட்கிறது. ஐந்தாம் வசனத்தில்தான் நம்பிக்கை தலைகாட்டும். பலர் முதல் நாலையும் விழுங்கிவிட்டு ஐந்தாவதில் தொடங்கப் பார்க்கிறார்கள். வாய் துதிக்கும், மனம் ஒட்டாது. கொஞ்ச நாளில் வாயும் ஓய்ந்துவிடும். நாலாம் வசனத்தோடு நிற்கிற இரவுகள் இருக்கட்டும். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதாகமத்தில்தான் இருக்கிறது.

முழுச் செபமாலைக்கு இருபது நிமிடம் வேண்டும். களைத்த உடம்புக்கு இப்போதைக்குச் செபமாலையின் பத்து மணிகள் மட்டும் போதும், நாலைந்து நிமிடத்தில் முடியும். சாப்பாட்டுக்கு முன் சொல்லுங்கள். பிறகென்றால் பிள்ளைகள் தூங்கிவிழும். நேரத்தை மட்டும் நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள்.

காப்புறுதியா? எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு ஆண்டும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்கச் சொன்னார். அவரை யாரும் அவிசுவாசி என்பதில்லை. நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்ற இயேசு, விதைநெல் எடுத்துவைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஏக்கருக்கு இரண்டு புசல் என்றாலும் உங்களுக்கு ஆறு புசல் வேண்டும். முளைத்த நெல் விதைக்கு ஆகாது, இப்போதே வேறிடம் பாருங்கள். காப்புறுதி கட்டியிருந்தால், வயலை உழ முன்னர் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். உழுதபின் சேதத்தைக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

இனி நேர்த்தி. ‘விளைச்சலில்’ ஒரு மூடை என்றல்லவா நேர்ந்தீர்கள்? விளைச்சலே இல்லை. நேர்த்தி எந்த நிபந்தனையில் தங்கியிருந்ததோ அது இல்லாமற்போனால் நேர்த்தியும் தீரும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1194. மனம் கேளாவிட்டால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தனியாள் நேர்த்தியிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வட்டிக்கு எடுத்து நெல் வாங்கிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஓகஸ்ட் 15 திருநாளுக்கு வெறுங்கையோடு மடுவுக்குப் போங்கள். பஸ் காசுக்கும் வழியில்லையென்றால் உங்கள் பங்குக் கோயிலிலேயே அன்று பூசை காணுங்கள்.