மாநிலக் கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கிளைப் பொறுப்பாளர்களுக்குச் சம்பளம் உண்டா?

சம்பளமா? கேள்வியைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். பதினோரு வருடம் ஒரு கட்சியில் கிளைச் செயலாளராக இருந்தவன் நான். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டீர்கள், நேரே சண்டைக்கு வந்துவிடுவீர்கள். இப்போது எதிலும் இல்லை.

கேட்டவர் படிப்பை முடித்துவிட்டு, கட்சியில் சேர்ந்தால் நாலு காசு பார்க்கலாமா என்று யோசிக்கிற தம்பி என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

தமிழ்நாட்டில் பெரிய கட்சிகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான். அடியில் கிளை. அதற்கு மேல் கிராமத்துப் பக்கம் ஒன்றியம், ஊரைப் பொறுத்துப் பேரூர், நகரம், பகுதி. அப்புறம் மாவட்டம். உச்சியில் செயற்குழு, பொதுக்குழு, தலைமை. முதலிடத்தில் இருப்பவரின் பதவிப் பெயர்தான் மாறும். தி.மு.க.வில் தலைவர், அ.தி.மு.க.வில் பொதுச்செயலாளர், பா.ம.க.வில் நிறுவனர் என்றே தனியாக ஒருவர். தி.மு.க.விலும் 1949ல் தொடங்கியபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டு, அண்ணா பொதுச்செயலாளராகத்தான் இருந்தார். 1969ல்தான் அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தது.

ஆனால் கீழே இருப்பவனுக்குத் தலைமை என்றால் மா.செ.தான், அதாவது மாவட்டச் செயலாளர். அரசுக்கு மாவட்டம் 38. பெரிய கட்சிகள் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று வெட்டி அதை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கி வைத்திருக்கின்றன. நிர்வாக வசதிக்கு என்பார்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு பெரிய மனிதர்களை முறைத்துக்கொள்ளாமல் வைத்திருக்க வேறு வழியில்லை என்பதும் ஒரு காரணம். உட்கட்சித் தேர்தல் உண்டு. நானே இரண்டு முறை ‘ஏகமனதாக’த் தேர்வானேன். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தது ஒன்பது பேர்.

சரி, பணம். காகிதத்தில் உள்ளது இது: உறுப்பினர் சந்தா, நன்கொடை, தேர்தலில் நிற்க விருப்ப மனு கொடுப்பவர்கள் கட்டும் தொகை, வைப்பு நிதிக்கு வட்டி. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். வருமான வரி விலக்கு வேண்டுமென்றால் 2,000க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. நடுவில் 2018 முதல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று இருந்தது, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கி வழியாகக் கட்சிக்கு நன்கொடை தரும் ஏற்பாடு. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் கணக்கு முழுதாக வெளியே வந்தது. தி.மு.க. வாங்கியது 656.5 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. அ.தி.மு.க.வுக்கு 6.05 கோடி. பத்திரமே வேண்டாம் என்றவர்கள் கம்யூனிஸ்டுகள், அவர்கள் இன்னும் உண்டியல் குலுக்குகிறார்கள். (நான் கம்யூனிஸ்ட் இல்லை, உடனே அங்கே ஓடாதீர்கள்.) 1967 தேர்தலுக்கு 10 லட்சம் இலக்கு வைத்து, கருணாநிதி 11 லட்சம் திரட்டிக் கொடுத்ததை எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் கீழிருந்து ஏறிய பணம். தலைமைக்கு அந்தப் பணம் இப்போது தேவைப்படுவதில்லை. ஆனால் எங்களிடம் வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

2019ல் ஒரு மாநாடு. ஒ.செ., அதாவது ஒன்றியச் செயலாளர், போன் செய்தார். “அண்ணே, உங்க கிளைக்கு ரெண்டு வேன். ஆள் குறையக் கூடாது, மா.செ. நேர்ல எண்ணுவாரு.” வாடகை யார் தருவது என்று கேட்டேன். “அட, நீங்க பாத்துக்குங்கண்ணே” என்றார். வேன் வாடகை, காலைச் சாப்பாடு, மதியத்துக்குத் தக்காளி சாதப் பொட்டலம், கொடி, சிலருக்குக் கூலி எல்லாம் சேர்த்து 26,000 ஆனது. (கூலி கொடுத்தாயா என்று குதிக்காதீர்கள். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவரிடம் கொள்கை பேசிப் பாருங்கள், தெரியும்.) வீட்டுக்காரியின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

மாநாட்டுத் திடலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். தலைவர் பேச்சை வேனுக்குள் உட்கார்ந்து போனில்தான் பார்த்தோம். யாரும் எங்களை எண்ணவும் இல்லை. மறுநாள் கட்சிப் பத்திரிகையில் ‘தானாகத் திரண்ட கூட்டம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தத் ‘தானாக’ என்ற சொல்லைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. வேட்பாளர் செலவுக்குச் சட்டமன்றத் தேர்தலில் 40 லட்சம் உச்சவரம்பு, கட்சி செலவுக்கு வரம்பே இல்லை என்று டிவியில் விவாதிக்கிறார்கள். என் 26,000 எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கறுப்புப் பணம் என்றால் பெரிய புள்ளிகளுடையது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், அடகு வைத்த பணமும் அதே இருட்டில்தான் போகிறது.

தேர்தல் சமயத்தில் மேலிருந்து வரவே வராதா? வரும், கடைசிப் பத்து நாள். பூத் செலவு என்று வரும், ஒவ்வொரு கையாகத் தேய்ந்து வரும். நான் தேய்க்கவில்லையா என்றால், டீச்செலவுக்கு எடுத்திருக்கிறேன். யோக்கியன் வேஷம் போட வரவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். 2021ல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தது. நான் முதலில் போனது கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான். மதிப்பீட்டாளர் லீவு, திங்கட்கிழமை வாங்க என்றார்கள். மாநாடு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்த மனிதர் மட்டும் வேலைக்கு வந்திருந்தால் சங்கிலி வட்டியில் மூழ்கியிருக்காது. ‘தானாகத் திரண்ட’ செய்தி வந்த பத்திரிகையை வீட்டுக்காரி பரணில் எடுத்து வைத்திருக்கிறாள். கட்சி என்று நான் வாயெடுத்தால் அது கீழே இறங்கும்.