வெள்ளிக்கிழமை வாங்கிய இரை ஞாயிறு வரை உயிரோடு இருக்க

கேள்வி: ஞாயிறு விடியலில் ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுவேன். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது என்பதால் வெள்ளி மாலையே மண்புழு ஒரு டப்பாவும் குஞ்சு மீன் மூன்று டஜனும் வாங்கி வைக்கிறேன். புழுவை ஃபிரிட்ஜில் வைத்தேன், சனி இரவே கூழாகிவிட்டது. மீன்களை வாளியில் புதுத்தண்ணீர் பிடித்து விட்டு, கொஞ்சம் தீனியும் தூவினேன். காலையில் பாதி மிதந்தது. கடைக்காரர் சாகிற சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: கடைக்காரரைப் பிறகு பார்ப்போம். ஃபிரிட்ஜ், புதுத்தண்ணீர், தீனி என்று நீங்கள் நல்லெண்ணத்தில் செய்த மூன்றுமே இரையைக் கொல்லக்கூடியவை. இரண்டு நாள் பட்டினியில் புழுவும் சாகாது, மீனும் சாகாது. மூச்சு முட்டியோ, வெப்பநிலை சட்டென்று மாறியோதான் சாகும்.

முதலில் புழு. டப்பாவின் மேல் 'மண்புழு' என்று எழுதியிருந்தாலும் உள்ளே எந்த இனம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். தடித்து, தலைப்பக்கம் கருத்து, வால் தட்டையாக இருந்தால் அது குளிர்ப்பிரதேசத்துப் புழு, லும்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸ். இதற்கு ஃபிரிட்ஜ் சொர்க்கம். 4 முதல் 10 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்கில் கிடக்கும். ஒல்லியாக, செம்பழுப்பில் மஞ்சள் வளையங்களோடு இருந்து, அழுத்தினால் மஞ்சள் நிறத்தில் நாற்றமடிக்கும் நீரைக் கசியவிட்டால் அது ஐசீனியா ஃபெடிடா. மட்கு உரத் தொட்டிகளில் வளர்ப்பது; வீட்டுக்குள் குளுமையான நிழல் போதும். மூன்றாவது, நீளமாக, வெளிச்சத்தில் ஊதா மினுமினுப்போடு, வால் கூராக முடிகிற ஆப்பிரிக்கப் புழு, யூட்ரிலஸ் யூஜீனியே. இது வெப்பமண்டலத்துப் பிறவி. 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. உங்கள் ஃபிரிட்ஜில் கூழானது பெரும்பாலும் இதுதான். இனம் தெரியவில்லை என்றால் ஃபிரிட்ஜ் பக்கமே போகாதீர்கள். வீட்டில் வெயில் படாத தரையோரமே பாதுகாப்பு.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத்தோல் வழியாகத்தான் மூச்சு. தோல் காய்ந்தாலும் போச்சு, தண்ணீர் தேங்கிக் காற்று புகாமல் போனாலும் போச்சு. டப்பாவில் உள்ள மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் பதம் சரி. விரலிடுக்கில் ஒழுகினால், கிழித்து நனைத்துப் பிழிந்த செய்தித்தாளைக் கலந்துவிடுங்கள். தேங்காய் நார்க்கழிவும் நல்ல படுக்கைதான், ஆனால் அதில் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் போடக்கூடாது. மூடியில் ஊசித்துளைகள் வேண்டும். செத்த புழு ஒன்று அழுகினால் அந்தக் கெடுதலிலேயே மற்றவையும் சரியும் என்பதால், தினம் ஒருமுறை கிளறிப் பார்த்து எடுத்துவிடுங்கள். புதுப்படுக்கைக்கு மாற்றிய முதல் இரவு சில புழுக்கள் சுவரேறித் தப்பப் பார்க்கும். மேலே ஒரு விளக்கை எரியவிட்டால் போதும், வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே அடங்கிவிடும்.

வாங்கும்போது கடையிலேயே டப்பாவைத் திறந்து பாருங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் தானே திறந்து காட்டுவார். மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும், அழுகல் வாடை வரக்கூடாது. புழுக்கள் மண்ணுக்குள் ஒளிந்திருந்தால் நல்லது. மூடியில் ஒட்டிக்கொண்டோ, மேலே உருண்டையாகத் திரண்டோ கிடந்தால் கீழே படுக்கை கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் போட்டு விரல் நுனியால் தொடுங்கள். ஆரோக்கியமான புழு வெடுக்கென்று சுருங்கும். துவண்டு கிடந்தாலோ, உடம்பில் மணிமணியாக வீக்கம் தெரிந்தாலோ அது ஞாயிறைப் பார்க்காது.

குஞ்சு மீன் விஷயத்தில் நான் மீனைவிடத் தொட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். மேலே நுரை கட்டியிருந்தால் தண்ணீரில் கழிவு ஏறிவிட்டது. மூலையில் செத்தவை ஒதுங்கிக் கிடந்தால் அந்தத் தொட்டியில் இன்று வாங்கக்கூடாது. பிறகு தொட்டிக்கு மேலே கையை ஒருமுறை வீசுங்கள். நிழல் பட்டதும் கூட்டமாகத் திரும்பிப் பாய வேண்டும். தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருப்பது, மூக்கு சிவந்திருப்பது, உடம்பில் பஞ்சுபோல வெள்ளை படர்ந்திருப்பது இதெல்லாம் இருந்தால் வேண்டாம். வலை போடும் கையையும் கவனியுங்கள். கொத்தாக அள்ளி நசுக்கினால் செதில் உதிரும், செதில் உதிர்ந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இனி உங்கள் வாளி. 10 டிகிரி நன்னீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் 9, 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் மீனின் ஆக்ஸிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. சூடான இரவில் 36 மீன்கள் ஒரே வாளியில் இருந்தால் விடியும்வரை தாங்காது. விரல் நீள மீன் ஒன்றுக்கு ஒரு லிட்டராவது கொடுங்கள் என்பது என் கணக்கு. உயரமான வாளியைவிட அகலமான தொட்டி மேல், காற்று மேற்பரப்பு வழியாகத்தான் கரைகிறது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்குங்கள், மாற்று பேட்டரியோடு. வாளியை விடத் தெர்மாகோல் பெட்டி நல்லது, சூடு சீக்கிரம் ஏறாது.

குழாய்த்தண்ணீரில் உள்ள குளோரின் மீனின் செவுளைத்தான் முதலில் அரிக்கும். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீராக இருந்தால் அப்படிப் போகாது. மீன் தொட்டிக் கடையில் விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் சொட்டு மருந்து சேர்க்க வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு? கடைத் தொட்டியின் தண்ணீர் தெளிவாக இருந்தால் அதையே ஒரு கேனில் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். மீன் கொண்டுவந்த பையை அப்படியே கவிழ்க்காமல் 20 நிமிடம் உங்கள் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, அதன்பின் விடுங்கள்.

குளுமை வேண்டுமென்று பனிக்கட்டியை நேராகப் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். அது குழாய்த்தண்ணீரில் உறைந்த கட்டி. உருக உருக குளோரினும் கலந்தது, குளிரும் ஒரேயடியாகத் தாக்கியது. ஒரு மணி நேரத்தில் பெட்டி அமைதியாகிவிட்டது. இப்போது மூடிய பாட்டிலில் உறைய வைத்து, ஒவ்வொன்றாக மிதக்கவிடுகிறேன்.

தீனி போட்டால் கழிவு, கழிவிலிருந்து அம்மோனியா. மீனும் செவுள் வழியே அதைத்தான் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் இரண்டு நாளைக்குத் தீனியே வேண்டாம். நுரை தெரிந்தால் கால்வாசித் தண்ணீரை, அதே வெப்பநிலையில் உள்ள, குளோரின் இல்லாத தண்ணீரால் மாற்றுங்கள். செத்ததை உடனே எடுங்கள்.

மற்ற இரைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஈப்புழுவுக்கு ஃபிரிட்ஜ் ஏற்றது, வெளியே வைத்தால் கூட்டுப்புழுவாகிவிடும். தவிட்டில் வளரும் மாவுப்புழுவும் ஃபிரிட்ஜில் தாங்கும். ஆனால் அதைப் போலவே இருந்து இரண்டு மடங்கு பெரிதாக உள்ள ஸோஃபோபாஸ் புழு குளிரில் செத்துப்போகும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு. சுவர்க்கோழிக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் அதில் விழுந்து சாகும். ஒரு துண்டு உருளைக்கிழங்கு போதும், ஒளிந்துகொள்ள முட்டை அட்டை. நன்னீர் இறால் தண்ணீரில் நெருக்கியடித்துச் சாவதைவிட, நனைத்த சாக்கில் சுற்றிக் குளுமையாக வைத்தால் அதிக நேரம் தாங்கும். செவுள் ஈரமாக இருக்கும்வரை அதற்கு மூச்சு உண்டு.

கரையில் பாதி இரையை இழப்பது வெயிலால்தான். நிறுத்திய காருக்குள் புழு டப்பா அரைமணியில் வெந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள், அப்போதைக்குத் தேவையான நாலைந்தை மட்டும் வெளியே எடுங்கள். மூன்று டஜன் மீன் உண்மையிலேயே செலவாகிறதா என்றும் யோசியுங்கள். ஒன்றரை டஜன் துடிப்பான மீன் மூன்று டஜன் சோர்ந்த மீனைவிட அதிகம் பிடித்துத் தரும்.

மிஞ்சியதை ஏரியில் கொட்டாதீர்கள், வாளித் தண்ணீரையும்தான். வேற்றிடத்து மீனும் அதோடு ஒட்டிவரும் நோயும் அப்படித்தான் புது நீர்நிலைக்குப் போகின்றன. வட அமெரிக்கப் பேரேரிகளில் 2005-இல் விஎச்எஸ் என்ற ரத்தக்கசிவு வைரஸ் கண்டறியப்பட்ட பிறகு, அங்கே இரைமீனை இடம்விட்டு இடம் கொண்டுபோவதற்கே கட்டுப்பாடு வந்தது. உயிருள்ள மீனை முள்ளில் கோக்கவே தடை உள்ள நாடுகளும் உண்டு. உங்கள் நீர்நிலையின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளி, காய்ந்த தரையில் ஊற்றுங்கள். புழுவை வீட்டுப் பெட்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய குஞ்சு மீனைக் கல்லுப்பில் புரட்டி ஃப்ரீசரில் போட்டால் சதை இறுகி முள்ளில் நன்றாக நிற்கும். அடுத்த முறை கெளுத்திக்கு அதையே மாட்டலாம்.