சுகர்காரருக்குக் கொரோனா என்றால் அவ்வளவுதானா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை மட்டும்தான். கொரோனாவில் மூச்சு வாங்கியதால் மருத்துவமனையில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். சேர்த்தபோது 230 இருந்த சுகர் மூன்றே நாளில் 380 ஆகிவிட்டது. வீட்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டு இன்சுலின் போடுகிறார்கள். ‘சுகர்காரருக்குக் கொரோனா வந்தால் அவ்வளவுதான்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா? இன்சுலின் இனி ஆயுசுக்குமா?

பதில்: ‘அவ்வளவுதான்’ என்பது தவறு. ‘ஆபத்து கூடுதல்’ என்று சொல்லியிருந்தால் நான் மறுக்க மாட்டேன்.

2020-இல் பிரான்ஸில் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 2,800 சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 28 நாளுக்குள் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். சின்ன எண் இல்லைதான். ஆனால் அவர்களின் சராசரி வயது 70. தடுப்பூசி வராத காலம். இன்று கொடுக்கும் மருந்துகள் பலவும் அப்போது வழக்கத்தில் இல்லை. அந்தக் கணக்கை அப்படியே உங்கள் அப்பா மேல் ஏற்றிவைக்காதீர்கள். வயது, உடல் பருமன், சிறுநீரகம், இதயம் இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் போக்கை முடிவு செய்கின்றன.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவுக்கும், முதல் ஒரு வாரத்தில் வென்டிலேட்டரோ மரணமோ நேர்வதற்கும் தொடர்பு காணப்படவில்லை. அப்படியானால் சுகர் எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? இல்லை. சீனாவின் ஹூபெய் மாகாண நோயாளிகளைப் பார்த்தபோது, மருத்துவமனையில் இருந்த நாட்களில் சுகர் 70-க்கும் 180-க்கும் இடையில் நின்றவர்களிடம் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. நோய் முற்றினால் சுகரும் தானாக ஏறும் என்பதால், எது காரணம் எது விளைவு என்று இதை வைத்து முழுசாகப் பிரித்துவிட முடியாது. ஆனாலும் என் கருத்து இதுதான்: பதினைந்து வருடமாக அப்பா பத்தியம் இருந்தாரா இல்லையா என்று இப்போது கணக்குப் பார்த்துப் பயனில்லை. இந்தப் பத்து நாள் சுகரைப் பிடித்து வையுங்கள்.

சுகர் ஏன் எகிறியது? கடும் தொற்று வந்தால் உடம்பு சுரக்கும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். அதோடு, ஆக்ஸிஜன் தேவைப்படுபவருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அப்பாவுக்கும் போட்டிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். அது சுகரை நன்றாகவே ஏற்றும். அதற்காக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், ஆக்ஸிஜனில் இருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும் குறைத்த மருந்து அது. உயிரைக் காக்கும் மருந்து சுகரை ஏற்றினால், இறக்குவதற்கு இன்சுலின் இருக்கிறது. (ஆக்ஸிஜன் தேவைப்படாதவர் வீட்டில் தானாக வாங்கிப் போடுவது வேறு கதை, அதில் பலன் இல்லை, சுகர் ஏறுவதுதான் மிச்சம்.)

மாத்திரையை நிறுத்தியதும் சரியே. ஆக்ஸிஜன் குறைந்து சிறுநீரகமும் தளர்ந்தால் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர இடம் கொடுக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகள், சாப்பாடு இறங்காத நோயாளிக்கு, சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருளை ஏற்றிவிடும். இன்சுலினை வேளைக்கு வேளை கூட்டலாம், குறைக்கலாம். பெரும்பாலும் 140 முதல் 180 வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். ‘ஏன் 110-க்குக் கொண்டுவரவில்லை?’ என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் தாழ்சர்க்கரை வரும், அது இன்னும் மோசம்.

ஆயுசுக்கும் இன்சுலினா என்றால், பெரும்பாலும் இல்லை. ஸ்டீராய்டு அதிகபட்சம் பத்து நாள். அது நின்றதும் இன்சுலின் தேவை மளமளவென்று இறங்கும். நான் பயப்படுவது அந்தக் கட்டத்துக்குத்தான். மருத்துவமனையில் போட்ட அதே அளவை வீட்டிலும் போட்டு, விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, நடுங்கி, நினைவு தப்பித் திரும்பி வருபவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே, எந்த நாளில் எத்தனை யூனிட் குறைக்க வேண்டும், எந்த மாத்திரையை எப்போது மறுபடி தொடங்கலாம் என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் தினம் நான்கு வேளை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் முகத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கக் கன்னத்தில் வலி, வீக்கம், மரத்துப்போதல், மூக்கிலிருந்து கறுத்த சளி, பார்வை இரட்டையாகத் தெரிவது, காரணமில்லாமல் பல் ஆடுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். 2021-இல் பரவலாகப் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை, கட்டுப்படாத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பைத்தான் அதிகம் பிடித்தது.