ஒழுகும் ரேடியேட்டர் வால்வு: செலவு யாருடையது?

கிழக்கு லண்டனில் வாடகைக்கு இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டாம் மாடி ஃபிளாட், இரண்டு சின்னப் பிள்ளைகள். படுக்கையறை ரேடியேட்டரின் வால்வு நவம்பரிலிருந்து ஒழுகுகிறது. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை அடியில் வைத்து, காலையும் மாலையும் எடுத்து ஊற்றுகிறார்கள். கறுப்புத் தண்ணீர் பட்டு கார்ப்பெட்டில் கறை. பாய்லரில் பிரஷர் இறங்கி ஹீட்டிங் நின்றுவிடுகிறது, தினமும் தண்ணீர் ஏற்றினால்தான் வரும். வீட்டுக்காரர் ஊர்க்காரர், கோவிலில் பழக்கம், அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் மூன்று முறை சொல்லியும் யாரும் வரவில்லை. இப்போது அவர், "பிள்ளைகள்தான் இடித்து உடைத்திருக்கிறார்கள், சின்ன ரிப்பேர் உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கார்ப்பெட் காசை டெபாசிட்டில் எடுப்பேன்" என்கிறார். நாங்களே பிளம்பரைக் கூப்பிட்டு வாடகையில் கழிக்கலாமா என்று வாசகி கேட்கிறார்.

சகோதரி, அந்த வால்வு உங்கள் செலவு இல்லை. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஏழு ஆண்டுக்குக் குறைந்த வாடகைக்கு விட்ட வீட்டில் அறையைச் சூடாக்கும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுதில்லாமலும் சரியாக வேலை செய்யும் நிலையிலும் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று சொல்கிறது. ரேடியேட்டரும் வால்வும் அதற்குள் அடக்கம். இதற்கு மாறாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்த வரி செல்லாது. டேப் சுற்றிவிட்டுப் போய், மறுவாரம் திரும்ப ஒழுகினால் கடமை முடிந்ததாக ஆகாது. வால்வை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அவர் மாற்ற வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது "நேரில் மூன்று முறை சொன்னோம்" என்ற வரிதான். வாடகை வீட்டுக்குள் இருக்கும் பழுது வீட்டுக்காரருக்குத் தெரிய வந்த பிறகுதான் சரிசெய்யும் கடமையே தொடங்குகிறது. 1973இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஓப்ரையன் எதிர் ராபின்சன் வழக்கில், உட்கூரை விழுந்து வாடகைதாரர் காயப்பட்டும், அந்தக் குறை உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. வாயால் சொன்னதும் தகவல்தான், ஆனால் நாளைக்கு அவர் "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்றால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? அதனால் இன்று இரவே ஒரு வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ போடுங்கள். ஊர்க்காரருக்கு எழுத்தில் அனுப்பினால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று நீங்கள் தயங்குவது புரிகிறது, எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்தத் தயக்கத்தால்தான் கையில் ஆதாரம் இல்லாமல் வந்து நிற்கிறார்கள். "அண்ணா, நவம்பரில் சொன்ன படுக்கையறை வால்வு இன்னும் ஒழுகுகிறது, ஹீட்டிங் நிற்கிறது, கார்ப்பெட் நனைகிறது, பிளம்பர் எப்போது வருவார் என்று சொல்லுங்கள், வீட்டில் இருக்கிறோம்" என்று அன்பாகவே எழுதலாம். படமும் ஒரு சின்ன வீடியோவும் சேர்த்து அனுப்புங்கள், பாய்லர் பிரஷர் முள் தெரியும்படி.

சரி, பிள்ளைகள் உடைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு. வாடகைதாரரோ அவர் வீட்டாரோ உடைத்தால் 11ஆம் பிரிவு காப்பாற்றாது, அது உண்மை. 1953இல் வாரன் எதிர் கீன் வழக்கில் நீதிபதி டென்னிங், சிங்க்கில் ஏற்பட்ட அடைப்பை எடுத்துவிடுவது போன்ற சின்ன வேலைகளை வாடகைதாரர் செய்ய வேண்டும், வீட்டைத் தெரிந்தே கெடுக்கக்கூடாது, ஆனால் காலத்தால் தேய்ந்து வரும் பழுது அவர் பொறுப்பில்லை என்று விளக்கினார். ஆகவே வால்வு எங்கே ஒழுகுகிறது என்பதே இங்கே சாட்சி. கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றிக் கசிந்தால் உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்திருக்கலாம், மூட்டில் பச்சைப் பாசி மாதிரி படிந்திருந்தால் நாள்பட்ட கசிவாக இருக்கலாம். குழாய் வளைந்தோ வால்வு ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால்தான் இடித்த கதை பொருந்தும். யார் அனுப்பிய பிளம்பராக இருந்தாலும், ஒழுகியது எந்த இடம், காரணம் என்ன என்று பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பழைய வால்வை ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையில் கழிக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது, 1971ஆம் ஆண்டின் லீ-பார்க்கர் எதிர் இசெட் வழக்கிலிருந்து. ஆனால் முறை தவறினால் வாடகை பாக்கி வைத்தவராக நீங்கள்தான் நிற்பீர்கள். எழுத்தில் சொல்லி நியாயமான அவகாசம் கொடுத்து, இரண்டு மூன்று பிளம்பரிடம் விலை கேட்டு அந்த விலைகளை அவருக்கு அனுப்பி, இன்ன தேதிக்குள் நீங்கள் செய்யாவிட்டால் இதில் குறைந்த விலைக்குச் செய்து வாடகையில் கழிப்பேன் என்று முன்கூட்டியே சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். செய்த பின் பில்லை அனுப்பி, அந்தத் தொகையை மட்டும் கழியுங்கள். கோபத்தில் முழு வாடகையை நிறுத்தாதீர்கள், அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பாய்லரின் மூடியை மட்டும் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோருக்கான பதிவேடு) பதிவு இல்லாத யாரும் திறக்கக்கூடாது.

அவர் அசையவே இல்லையென்றால் கவுன்சிலின் வீட்டுநலப் பிரிவுக்கு எழுதுங்கள். 2004ஆம் ஆண்டு வீட்டுச் சட்டப்படி கடுங்குளிரும் அவர்கள் பார்க்க வேண்டிய ஆபத்துகளில் ஒன்று, சின்னப் பிள்ளைகள் இருப்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். கேட்டால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவாரோ என்ற பயத்துக்கும் ஒரு பதில்: 2026 மே 1 முதல், காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் இங்கிலாந்தில் தனியார் வாடகைக்குக் கிடையாது.

டப்பாவை எடுத்துவிடாதீர்கள். கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கினால், தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்ற கேள்வி உங்களிடமும் வரும்.

கார்ப்பெட்டுக்கு வருகிறேன். டெபாசிட் உங்கள் காசு, அதில் ஏன் எடுக்கிறேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அவர் தாமதித்ததால் வந்த கறைக்கு உங்களிடம் கேட்க முடியாது. உங்கள் தவறே என்றாலும் பழைய கார்ப்பெட்டுக்குப் புதிய விலை கேட்க முடியாது. டெபாசிட்டைப் பாதுகாக்கும் அங்கீகாரத் திட்டம் ஒன்றில் அது பதிவாகியிருந்தால் அந்தத் திட்டத்திலேயே இலவசமாகத் தகராறைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் பதிவுச் சான்று கிடைத்ததாக நீங்கள் எழுதவில்லையே? வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட மூன்று திட்டங்களில் ஒன்றில் அவர் பாதுகாத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லும். மூன்று திட்டங்களின் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தின் படத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.